இடைவேளை யூசுப்

"எல்லாத்தையும் சொல்லுங்க மோதினார். அந்த ஒரு பேர மட்டும் விட்டுருங்க" என்றான் நௌஷாத்.

பள்ளிவாசல் மைக்கை வாய்க்கு நேராக இழுத்து வைத்திருந்த மோதினார் அதன் தலையைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுபுஹு தொழுதவர்கள் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

"அத விட்டுட்டா யாருன்னு தெரியணுமே தம்பி."

"ஏன் தெரியாது? முகம்மது யூசுப்புன்னு எங்க அத்தாவுக்கு ஒரு பேரு இருக்குல்ல? அப்துல் வஹாப் மகன்னு சொல்லுங்க. நௌஷாத்தோட அத்தான்னு சொல்லுங்க. போதும்."

மௌத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கு நிற்பது மோதினாருக்கு வழக்கமில்லை. தொண்டையைக் கனைத்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, நீட்டி முழக்கிச் சொன்னார். அப்துல் வஹாப் அவர்களின் மகனாரும் நௌஷாத் அவர்களின் தகப்பனாருமாகிய முகம்மது யூசுப் அவர்கள் தாருல் பனாவை விட்டும் தாருல் பகாவை அடைந்துவிட்டார்கள். அன்னாரின் ஜனாஸா இன்று அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் செய்யப்படும். அழிகிற வீட்டை விட்டு அழியாத வீட்டுக்குப் போகிறவருக்குக் கேலிப் பேர் எதற்கு என்று நௌஷாத் நினைத்துக்கொண்டான். வண்டியைத் திருப்பும்போது நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் குறைந்தது மாதிரிகூட இருந்தது. கடைசி நாளிலாவது அத்தாவைக் கௌரவமாக அனுப்பி வைக்கிறோம்.

என்ன பேர் என்று சொல்லிவிடுவோம். இடைவேளை. இடைவேளை யூசுப்.

பட்டப்பேர் இல்லாதவனுக்கு இந்த ஊரில் தபால்கூட ஒழுங்காக வந்து சேராது. நடுத்தெருவில் நின்றுகொண்டு "யூசுப்பே" என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் என்ன செய்வது? ஒட்டகம் சாகுல், பஞ்சுமிட்டாய் ஹாஜா, ரயிலடி ரஹ்மத்துல்லா என்று ஆளுக்கொன்று ஒட்டவைத்து விட்டார்கள். ஒட்டகம் என்றால் ஆள் உயரம், சிரித்துவிட்டுப் போய்விடலாம். இடைவேளை என்றால்? பள்ளிவாசலில் பாதி, தியேட்டரில் பாதி, இரண்டிலும் முழுசாக இல்லாத மனுசன் என்றுதானே அர்த்தம்? நௌஷாத்துக்கு அப்படித்தான் பட்டது. பள்ளிக்கூடத்தில் பையன்கள், "உங்க அத்தாவுக்குப் பெல்லு அடிச்சாச்சாடா?" என்பார்கள். தோஹாவுக்கு வேலைக்குப் போனால் அங்கேயும் ஊர்க்காரர்கள் நாலு பேர் அதே ரூமில். விமானம் ஏறிப் போனால் மட்டும் பட்டப்பேர் விட்டுவிடுமா? ஊருக்கு வெளியே, வாய்க்கால் தாண்டிப் புது நகரில் மனை வாங்கி வீடு கட்டியதற்கு அந்தப் பேரும் ஒரு காரணம் என்பது அவன் மனைவி பர்வினுக்கு மட்டும்தான் தெரியும்.

பேர் வந்த கதை பெரிய கதையில்லை. யூசுப்புக்கு ஜவுளிக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மாவோடு கடையை அடைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு மேட்னிக்குக் கிளம்பிவிடுவார். என்ன படம், யார் நடித்தது என்றெல்லாம் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் படம். பாதிப் படத்தில் சாயங்காலத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொல்லும் நேரம் வந்துவிடும். தியேட்டருக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். எழுந்து போய் ஜமாத்தோடு தொழுதுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் இடைவேளை முடிந்து கொஞ்சம் படம் ஓடியிருக்கும். இருட்டில் தடவித் தடவித் தன் சீட்டைப் பிடித்து, பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டு, "எடவேளைக்கு அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பார். சொல்லாதவன் பாடு திண்டாட்டம்தான். சொல்லும்வரை கையை எடுக்க மாட்டார்.

படத்தைப் பற்றி அவர் பேசுவதும் தனி தினுசு. நல்லாருக்கா இல்லையா என்று கேட்டால் பதிலே வராது. "அந்தத் தங்கச்சியா வர்ற பொண்ணு அழுதப்ப மூக்கு செவந்துச்சுப்பா. அது நெசமா அழுதது" என்பார். "வில்லன் சோறு தின்ன கைய கழுவாமயே சண்டைக்குப் போயிட்டான். அவனுக்கு அம்புட்டுக் கோவம்" என்பார். ஊரே காறித் துப்பிய படத்திலும் அவருக்கு ஒரு கதவு திறந்த விதமாவது பிடித்துவிடும். ஜவுளிக்கடையில் சேலை பார்க்க வந்த பெண்கள் சேலையை மடியில் போட்டுக்கொண்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி இருமுவார். போன வெள்ளிக்கிழமைகூடப் படுக்கையில் கிடந்தபடி நௌஷாத்தைக் கூப்பிட்டு, "என்ன படம் மாத்திருக்கான்?" என்று கேட்டார். லீவில் வந்திருந்த நௌஷாத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை. மாத்திரையை எடுத்து நீட்டினான். இன்று ஞாயிற்றுக்கிழமை. விடியும் நேரத்தில் அம்மா ஸ்பூனில் விட்ட தண்ணீரை ஒரு வாய் விழுங்கியவர் அடுத்த வாயை விழுங்கவில்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாயிற்று. நடுக்கூடத்தில் அத்தாவைக் கிடத்தி, தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தி, யாசீன் ஓத ஆள் உட்கார்ந்தாயிற்று. ஆட்களைத்தான் காணோம்.

பக்கத்து மனைக்காரர் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, நௌஷாத்தின் மாமா, வந்தார். பர்வின் வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்கள் காலி நாற்காலிகளை எண்ணுவதுபோல் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பார்வைதான் நௌஷாத்தைக் கொன்றது. வெயில் ஏறியது. பந்தலுக்கு வெளியே ரோட்டில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் போனது. டிரைவர் பந்தலைப் பார்த்துப் பாட்டை நிறுத்திவிட்டு, தாண்டியதும் மறுபடி வைத்தான்.

"என்னப்பா, ஊருக்குச் சொல்லியாச்சுல்ல?" என்று மாமா கேட்டார்.

"மைக்குல சொல்லியாச்சு மாமா."

"சொல்லியுமா இப்படி?"

நௌஷாத் காலி நாற்காலி ஒன்றை இழுத்து நேராகப் போட்டான். எத்தனை மௌத்துக்கு அத்தா ஓடியிருப்பார்! யார் வீட்டில் என்றாலும் உடம்பைச் சுற்றும் கபன் துணி கிழிக்க முதல் ஆளாகப் போய் நிற்கிறவர். அளவு நாடா வேண்டாம், கையாலேயே அளந்து விடுவார். அப்படிப்பட்ட மனுசனுக்கு ஆளில்லையா? சினிமாப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டார்களா? சந்தூக்கைத் தூக்க நாலு தோள் போதும், அது கிடைத்துவிடும். ஆனால் தொழுகைக்கு வரிசை வேண்டாமா? வெற்றுத் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுசனை எப்படி அனுப்புவது? அடுக்களைப் பக்கம் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். பர்வின் வந்து முதுகில் கை வைத்தாள். "வருவாங்க. நேரம் இருக்குல்ல" என்றாள். அவளுக்கே அதில் நம்பிக்கையில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

ஒரு ஆட்டோ வந்து நின்றது அப்போதுதான். அதிலிருந்து நெஞ்சில் பெல்ட் கட்டிய ஒரு பெரியவர் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அரிசிக்கடை யூசுப். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார். பந்தலுக்குள் வந்து, நௌஷாத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில மௌத்தாப் போனவன் நான்தான்" என்றார்.

நௌஷாத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னடா முழிக்கிற? எங்க வாப்பா பேரும் அப்துல் வஹாப்தான். அப்துல் வஹாப் மகன் முகம்மது யூசுப்புன்னு மைக்குல சொன்னா ஊரு என்ன நெனைக்கும்? அரிசிக்கடைக்காரன் ஆபரேசன் பண்ணிட்டு வந்தானே, அவன்தான் போயிட்டான்னு நெனைக்கும். நடுவுல உன் பேரச் சொன்னத எவன் காதுல வாங்குனான்? சட்டைய மாட்டிக்கிட்டு அத்தனை பேரும் எங்க வீட்டுக்கு வந்துட்டான். நான் உள்ள உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருக்கேன். வாசல்ல பொம்பளைங்க வந்து எம் பொஞ்சாதியக் கட்டிப் புடிச்சு ஒப்பாரி வைக்கிறாளுவ. இவளும் என்ன ஏதுன்னு கேக்காம சேந்து அழுவுறா. தின்னுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டேன்னு நெனச்சுட்டா போல. நான் உள்ளேருந்து 'இன்னும் கொஞ்சம் சட்னி கொண்டா'ன்னேன். ஒரு பொம்பள மயங்கி விழுந்துட்டா!"

யாசீன் ஓதிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பர்வின் வீட்டு ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"வந்தவன்லாம் நான் உசுரோட இருக்கேன்னு பாத்துட்டு, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, தப்பா அறிவிச்சுட்டாங்கன்னு வீட்டுக்குப் போயிட்டான். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம்தான் யோசிச்சேன். மோதினாரு சும்மா சொல்ல மாட்டாரே, அப்ப எந்த யூசுப்பு? ஒவ்வொருத்தனா போன் போட்டுப் பாத்தேன். எல்லாப் பயலும் 'அலோ'ங்கிறான். எடுக்காதது உங்க அத்தா ஒருத்தன்தான்." அதுவரை கணீரென்று வந்த குரல் அங்கே உடைந்தது. "எடவேளையாடா போயிட்டான்? எடவேளையா?"

நௌஷாத் அவரைத் தாங்கி உள்ளே கூட்டிப் போனான். அத்தாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்ததும் பெரியவர் ஆபரேஷன் செய்த நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஏண்டா அந்தப் பேர விட்ட?" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா. சைத்தூன் பீவி உள்ளறை வாசலில் முட்டியை மடக்க முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"பள்ளிவாசல் மைக்குல எப்படிம்மா அதைப் போயி... கேலிக்கு வச்ச பேரு."

"யாரு சொன்னா கேலின்னு?"

"பின்ன? படத்துலேருந்து பாதியில எழுந்து ஓடுறவருன்னுதான வச்சாங்க?"

"போடா கிறுக்கா" என்றாள் சைத்தூன் பீவி. அழுது வீங்கிய முகத்தில் கோபமும் வந்து ஏறியது. "பாதியில எழுந்து போறவன் ஊருல ஆயிரம் பேரு இருக்கான். பீடி குடிக்கப் போறான், பஸ்ஸப் புடிக்கப் போறான். உங்க அத்தா எழுந்து போனதுக்கா பேரு வச்சாங்க? திரும்பி வந்து கேட்டாருல்ல, என்னாச்சு என்னாச்சுன்னு? அதுக்கு வச்ச பேருடா அது. அவருக்குக் கதை சொல்லாத ஆளு இந்த ஊருல யாரு இருக்கா? தியேட்டருல பக்கத்துல உக்காந்தவன்லாம் சொல்லியிருக்கான். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லும்போது, இந்த எடத்த இன்னார் சொன்னாருன்னு சொல்லித்தான் சொல்லுவாரு. எனக்கு ஊருல பாதிப் பேரோட மூஞ்சி தெரியாது, கதை சொல்ற லட்சணம் தெரியும்."

அரிசிக்கடைக்காரர் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த அண்ணன் சொன்னா ரெண்டே வார்த்தைதான். 'அவன் அடிச்சான், இவன் செத்தான்.' அம்புட்டுத்தான் கதை."

"எனக்கு வெளக்கிச் சொல்ல வராது தங்கச்சி" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வயக்காட்டுக்காரர் ஒருத்தரு இருக்காரு, சாரங்கபாணின்னு. அவரு சொன்னா கதையே நகராது. 'பாட்டு வந்துச்சு பாய். நடவு வயல்ல எறங்கி ஆடுறானுவ, வரப்பெல்லாம் போச்சு, எவன் வயலோ பாவம்'பாரு. அதைக் கேட்டுட்டு வந்து இவரு விழுந்து விழுந்து சிரிப்பாரு." சைத்தூன் பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊரு வராட்டி போகட்டும் நௌஷாது. அது ஊரு இஷ்டம். ஆனா யாரு போறாருன்னு ஊருக்குச் சொல்லாம அவர மண்ணுல வைக்காத. எனக்கு மனசு ஆறாது."

நௌஷாத் அத்தாவின் முகத்தைப் பார்த்தான். தாடையைச் சுற்றிக் கட்டிய துணிக்குள் அந்த முகம் ஏதோ கேட்க வாய் எடுத்தது மாதிரி இருந்தது. அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். எத்தனை வருசம்! அவன் ஒருதடவைகூட அத்தாவோடு அந்தத் தியேட்டருக்குப் போனதில்லை. அவர் முழங்கையைத் தொட்டுக் கேட்க அவன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த நினைப்பு வந்ததும் கோபம் போய் அழுகை வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டே அழுதான். யாரும் தடுக்கவில்லை. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

மதியத்து லுஹர் தொழுகை முடிந்து மோதினார் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொருதடவை சொல்லணும் மோதினார். அந்தப் பேரோட."

மோதினார் சுருட்டிய பாயைச் சுவரில் சாய்த்தார். "காலையில வேணாம்னீங்க. அரிசிக்கடைக்காரர் வீட்டுலேருந்து எனக்குப் போன் மேல போன். கொலைகாரப் பாவின்னு ஒரு அம்மா திட்டுது."

"தப்பு என்னோடதுதான். சொல்லுங்க."

"பள்ளிவாசல் மைக்குல எடவேளைன்னு சொன்னா ஜமாத்துல யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்களே?"

"ஒட்டகம் சாகுலு அத்தா மௌத்துக்கு ஒட்டகம்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"ஒட்டகத்துக்கு எடம் இருக்கு, எடவேளைக்கு எடம் இல்லையா?"

மோதினாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மைக் பக்கம் போனார். "உங்க அத்தா அசருக்கு வந்து நின்னாருன்னா மேல்மூச்சு வாங்கும். வேர்வையில சட்டை நனைஞ்சிருக்கும். ஒரு நாளும் ஜமாத்த விட்டதில்லை" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். பிறகு, காலையில் சொன்னதைவிட நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பிரித்துச் சொன்னார். ஜவுளிக்கடை இடைவேளை யூசுப் அவர்கள். இரண்டுதடவை சொன்னார். சொன்னது மினாராவில் கட்டிய குழாய்களிலிருந்து தெருக்களைத் தாண்டி, அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் நடவு நடக்கிற வயல்வரைக்கும் போனது.

நௌஷாத் வீட்டுக்குத் திரும்பும்போதே வழியில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மீன் மார்க்கெட்டிலிருந்து ஒருவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். ஜவுளிக்கடையை அடைத்துவிட்டு முதலாளியும் வேலையாட்களும் வந்தார்கள். பந்தலில் நாற்காலி போதவில்லை. புது வீடு தெரியாமல் பழைய தெருவுக்குப் போய்விட்டு வந்தவர்கள், "இங்க இருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?" என்று கோபித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து நௌஷாத்தின் கையைப் பிடித்து ஏதோ ஒரு படத்தைச் சொன்னார்கள். நான்தான் அன்னைக்கு அவருக்குச் சொன்னேன். நான் சொன்னது அவருக்குப் பிடிக்கல, மறுபடி சொல்லச் சொன்னாரு. எனக்கு அந்தப் படம் பிடிக்கல தம்பி, உங்க அத்தா பேசுனதக் கேட்டுட்டுத் திரும்பப் போயிப் பாத்தேன்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்கால்வரை சேறு காய்ந்திருக்க, பந்தலுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். கால் கழுவ இடம் தேடிக் கொண்டிருந்தார். நௌஷாத் குழாயைக் காட்டினான்.

"நான் சாரங்கபாணிங்க" என்றார் அவர். "பக்கத்து சீட்டு."

நௌஷாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வயல்ல நின்னேன். காலையிலயும் மைக்குல ஏதோ சொன்னாங்க, யாரோ யூசுப்புன்னாங்க. எனக்கு எந்த யூசுப்பையும் தெரியாதுங்க தம்பி. இத்தினி வருசம் ஒன்னா உக்காந்திருக்கோம், பாய் பேரு யூசுப்புன்னே இப்பதான் தெரியும். எடவேளைன்னதும் நாத்துக்கட்ட அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்." துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமா பாய் வரல. ஒடம்புக்கு முடியலையோன்னு நெனச்சேன். எங்க வந்து கேக்குறது? வீடு தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை படம் பாக்கவே புடிக்கல. எடவேளை முடிஞ்சதும் எழுந்து வந்துட்டேன்."

"உள்ள வந்து பாருங்க மாமா" என்றான் நௌஷாத். மாமா என்ற சொல் தானாக வந்தது.

அசருக்குச் சந்தூக்கைத் தூக்கியபோது தோள் மாற்ற ஆட்கள் முண்டினார்கள். ஊருக்கு உள்ளே வந்ததும் நௌஷாத்தின் தோளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அரிசிக்கடை யூசுப் ஆட்டோவில் பின்னாலேயே வந்தார். பள்ளிவாசல் உள்ளே நிரம்பி, முற்றம் நிரம்பி, வரிசை வாசலுக்கு வந்துவிட்டது. அசர் முடிந்து ஜனாஸாவை முன்னால் வைக்கும்போது எதிரே தியேட்டரில் மேட்னிக்கு இடைவேளை விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வெளியே நின்றிருந்தது. டீ வாங்கப் போனவர்கள் சந்தூக்கைப் பார்த்துவிட்டு நின்றார்கள். நாலைந்து பேர் ரோட்டைத் தாண்டி வந்து, அவசரமாகக் கைகால் கழுவி ஒளுச் செய்து கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் ரோட்டின் அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தியேட்டர் மேனேஜர் வைத்தியலிங்கமும் வந்து நின்றார்.

"சார், படம் போடுற நேரமாச்சு" என்று டிக்கெட் கிழிப்பவர் வந்து கேட்டார்.

"அவரு தொழுதுட்டு வர்ற வரைக்கும் ஒரு நாளாவது நிறுத்தி வச்சிருக்கோமா? இன்னைக்கு நிறுத்துனா படம் ஓடிப் போயிடாது. நில்லுய்யா" என்றார் வைத்தியலிங்கம்.

இமாம் நௌஷாத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தொழவைக்கும் முன் மகன் எழுந்து நின்று இறந்தவருக்காக மன்னிப்புக் கேட்பது வழக்கம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நௌஷாத் வரிசைகளைப் பார்த்தான். முகங்கள் முகங்களாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ரோட்டில் சாரங்கபாணி கழுவிய காலோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க அத்தா..." என்று ஆரம்பித்தான். குரல் குழாயிலிருந்து அவனுக்கே திரும்பி வந்தது. "எங்க அத்தா முகம்மது யூசுப்..."

அவன் மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கிப் பிடித்தான்.

"எங்க அத்தா எடவேளை யூசுப், யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம், மன்னிச்சோம்" என்று வரிசை வரிசையாகக் குரல் எழுந்தது. ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் சண்டைக்கு வருவது மாதிரி உரக்க வந்தது. "அவரு யாரையும் நோகடிக்கல தம்பி!" அது சாரங்கபாணி. வரிசையில் யாரோ தேம்பினார்கள். இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்து மஃரிபுக்கு நேரம் நெருங்கிவிட்டது. பந்தலில் ஆட்கள் இருந்தார்கள். உள்ளே அம்மாவைச் சுற்றிப் பெண்கள். யாரோ ஒருத்தி தன் புருஷன் யூசுப்புக்குக் கதை சொன்ன அழகைச் சொல்ல, அம்மா அதைத் திருத்திக்கொண்டிருந்தாள். "இல்லடி, அது கிணத்துல குதிச்சது தங்கச்சிக்காரி. உம் புருஷன் அதைக்கூட மாத்திச் சொல்லிட்டாரு. நான்தான் இவருகிட்ட கேட்டுக் கேட்டுச் சரி பண்ணேன்." அந்தக் குரலில் உயிர் இருந்தது. நௌஷாத் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுக் காற்றாட ரோட்டுக்கு வந்தான். வயல் பக்கமிருந்து சேற்று மணம் வந்தது. மொபெட்டில் இரண்டு பேர் ஒரு பெரிய தேக்சாவை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக வந்தார்கள். மௌத்து வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று அரிசிக்கடைக்காரர் வீட்டிலிருந்து சோறும் தாளிச்சாவும் கொடுத்து விட்டிருக்கிறார்கள். வந்தவர்களுக்கு அவனைத் தெரியவில்லை.

"ஏங்க, எடவேளை வீடு எதுங்க?" என்று பின்னால் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்.

"எங்க வீடுதாங்க. வாங்க" என்றான் நௌஷாத். கிட்டப் போய் தேக்சாவின் ஒரு காதைப் பிடித்தான். நல்ல சூடு. கையை எடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் காதைச் சுற்றிப் போட்டு, அந்தப் பக்கம் அவன் பிடிக்க, இந்தப் பக்கம் தூக்கினான்.